ஐந்து மாதங்களாக மாதவிலக்கு இல்லை: பிசிஓஎஸ் இருந்தால் கருப்பைப் புற்றுநோய் வருமா?

வெண்மணல், பட்டர்வொர்த் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 33, திருமணம் ஆகவில்லை. பெற்றோருடன் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு, தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 78 கிலோ.

என் 22ஆம் வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வராததால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகவும் அதற்கு பிசிஓஎஸ் என்று பெயர் என்றும் சொன்னார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த மாத்திரை எதற்கு என்று அம்மாவுக்கு வருத்தம். ஹார்மோன் மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்தினார். ஓராண்டு சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். அதன் பிறகு ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் மாதவிலக்கு வரும். இந்த ஆண்டு பொங்கலுக்கு முன்பு வந்தது. ஐந்து மாதங்களாகியும் அடுத்தது வரவில்லை. உண்மையைச் சொன்னால், தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதற்குத் தடங்கல் இல்லாமல் போயிற்றே என்று மகிழ்ச்சிதான் அடைந்தேன்.

சென்ற மாதம் என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, கருப்பைப் புற்றுநோயால் 58 வயதில் இறந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக வருவதில்லை. இந்த நீர்க்கட்டிகள் பின்னாளில் புற்றுநோயாக மாறுமா? ஹார்மோன் கோளாறு உள்ள எல்லாப் பெண்களுக்கும் இந்த ஆபத்து உண்டா? நான் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

வணக்கம் மகளே. மகளிர் நோய்ப் பிரிவில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உன்னைப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதே முடிவானது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் அந்த நீர்க்கட்டிகளைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். ஸ்கேனில் முத்துமாலை போல வரிசையாகத் தெரிபவை கட்டிகளே அல்ல; முழுதாக முதிர்ந்து வெடிக்காமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். 1935இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் இந்நோயை விவரித்தபோது சினைப்பையின் தோற்றமே அவர்கள் கண்ணில் பட்டது. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் தொண்ணூறு ஆண்டுகளாக நம் பெண்களைத் தவறான இடத்தைப் பார்த்து அஞ்ச வைத்திருக்கிறது. அந்தப் பைகள் புற்றுநோயாக மாறுவதில்லை. கவனிக்க வேண்டிய இடம் கருப்பையின் உட்படலம்.

அது எப்படி என்று சொல்கிறேன். மாதத்தின் முதற்பாதியில் எஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் உட்படலத்தை வளர்க்கிறது. சினைமுட்டை வெளிப்பட்ட பின்னர், அது இருந்த இடத்திலிருந்து புரோஜெஸ்டரோன் சுரந்து அந்த வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறது. கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டரோன் குறைய, உட்படலம் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. பிசிஓஎஸ் உள்ளவருக்குப் பல மாதங்கள் சினைமுட்டை வெளிப்படுவதே இல்லை என்பதால் புரோஜெஸ்டரோனும் இல்லை. ஆனால் எஸ்ட்ரோஜென் மட்டும் விடாமல் சுரந்துகொண்டிருக்கும். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு லாலான் புல்தான் நினைவுக்கு வரும். மழை தவறாமல் பெய்கிறது, வெட்டுவதற்கு மட்டும் ஆள் வருவதில்லை. அப்படி வெட்டப்படாமல் தடிக்கும் உட்படலத்தின் செல்கள் சிலரிடம் ஆண்டுக்கணக்கில் கழித்து இயல்பு மாறுகின்றன. எனவே, மாதவிலக்கு வரவில்லையே என்று நீ நிம்மதியாக இருந்த ஐந்து மாதங்களும், உட்படலம் உதிராமல் நின்ற மாதங்களாகவே இருக்கக்கூடும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தடங்கல் இல்லை என்று மகிழ்ந்து, இதைக் காட்டாமலே ஆண்டுகளைக் கடத்திய பெண்கள் பலரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது, ஏனென்றால் யாரும் அவர்களுக்கு இதைச் சொன்னதில்லை.

உடல் எடையும் இதில் சேர்ந்துகொள்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண்தன்மை ஹார்மோன்களை எஸ்ட்ரோஜென்னாக மாற்றுகிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது இரத்தத்தில் மிகும் இன்சுலினும் உட்படலத்தின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினால் அதிக எடை, 27.5ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று நம் நாட்டில் கணக்கிடுகிறார்கள், உன்னுடையது 32. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 31. ஆகவே சர்க்கரைப் பரிசோதனையும் உனக்கு வேண்டும். 78 கிலோவில் 5 விழுக்காடு என்பது வெறும் 4 கிலோதான். அந்த அளவு குறைந்தாலே பலருக்குச் சினைமுட்டை வெளிப்படத் தொடங்குகிறது.

இனி ஆபத்தின் அளவு. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு, 54 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 4 மடங்கு. மார்பகப் புற்றுநோய் மிகுவதாக அதில் தெரியவில்லை. மடங்குக் கணக்கு கேட்பதற்குப் பயமூட்டும். ஆனால் இந்தப் புற்றுநோய் இளம் பெண்களுக்கு மிக அரிதாகவே வருவதால், அரிதான ஒன்று நான்கு மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். அறிகுறி இல்லாத எல்லாருக்கும் ஆண்டுதோறும் சோதனை செய்ய வேண்டியதில்லை என்று 2023இன் அனைத்துலக வழிகாட்டிக் குறிப்புகளும் சொல்கின்றன.

ஆனால் உன் நிலையில் சும்மா இருக்கக் கூடாது. மாதவிலக்குக்கு இடையே 90 நாள்களைத் தாண்டவிடக் கூடாது, ஆண்டுக்கு நான்கு முறையாவது உட்படலம் உதிர வேண்டும் என்பதே நாங்கள் கடைப்பிடித்த கணக்கு. முதலில் சுகாதாரக் கிளினிக்குக்குப் போ. கட்டணம் ஒரு வெள்ளிதான். கருத்தரிப்புச் சோதனையை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்வார்கள், அதற்காக மனம் வருந்தாதே. பிறகு ஸ்கேனில் உட்படலத்தின் தடிமனை அளப்பார்கள். திருமணமாகாதவர் என்று சொன்னால் வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் செய்வார்கள். பிசிஓஎஸ் உள்ளவருக்கு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதன் பிறகு புரோஜெஸ்டரோன் வகை மாத்திரையைப் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால், சில நாள்களில் இரத்தப்போக்கு வரும். அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை அன்று என்பதை அம்மாவிடம் சொல்லலாம்.

உன் பெரியம்மாவைத் தவிர, அம்மா வழியில் வேறு யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா? என்ன வயதில்? இதை நான் காரணத்தோடுதான் கேட்கிறேன்.

கதிரொளி, கெப்போங்

தாதி அம்மா விரிவாக எழுதியிருக்கிறார். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, புற்றுநோய்க்குப் பயந்து அதே ஹார்மோனைச் சாப்பிடச் சொல்வது முரணாக இருக்கிறது. என் மைத்துனி, இணையத்தில் வாங்கிய ஒரு மூலிகைத் தேநீரை மூன்று மாதம் குடித்தார். எடையும் குறைந்தது, மாதவிலக்கும் வந்தது.

மருந்தாளர், ஜார்ஜ் டவுன்

கதிரொளி சொன்ன முதல் செய்தி உண்மை. ஆனால் அது பாதி உண்மை. எஸ்ட்ரோஜென்னும் புரோஜெஸ்டரோன் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையை அந்த முகமை முதல் பிரிவில் வைத்திருப்பது மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்காக. அதே முகமைதான், கருப்பை உட்படலத்துக்கும் சினைப்பைக்கும் அந்த மாத்திரை பாதுகாப்பளிக்கிறது என்றும் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைக் குறிக்கிறதே தவிர ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. பதனிடப்பட்ட இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அளவைச் சொன்னால்தான் நியாயம் விளங்கும். டென்மார்க்கில் 2017இல் வெளியான பெரிய ஆய்வின்படி, ஹார்மோன் கருத்தடை முறைகளை ஓராண்டு பயன்படுத்தும் ஏறத்தாழ 7,690 பெண்களில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வருகிறது. மறுபக்கம், 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாத்திரையை ஐந்தாண்டு சாப்பிடும் ஒவ்வொரு முறையும் கருப்பை உட்படலப் புற்றுநோயின் வாய்ப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்ததும், நிறுத்திய பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாதுகாப்பு நீடித்ததும் தெரியவந்தது. மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கும், ஐந்து மாதம் வராத பெண்ணுக்கும் இந்தத் தராசு ஒரே பக்கம் சாயாது. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், இரத்தம் உறையும் நோய் வந்தவர்கள், பார்வை மங்கலோடு ஒற்றைத் தலைவலி வருபவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை பொருந்தாது என்பதையும், வெண்மணலின் எடைக்கு மருத்துவர் இதைப் பற்றி இருமுறை யோசிப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மூலிகைத் தேநீரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் நாட்டில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'மால்' என்று தொடங்கி, எண்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும் பதிவெண்ணும், ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் விற்கப்படும் மெலிவுப் பொருள்களில், பசியை அடக்கும், தடைசெய்யப்பட்ட மருந்தான சிபுட்ரமின் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. எடை சட்டென்று குறைந்தது என்றால் அதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் மைத்துனியிடம் உறையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாலைநேரம், பிரிக்பீல்ட்ஸ்

தங்கைக்கு என் அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன். எனக்கு இப்போது 43 வயது. 37 வயதில் நான்கு மாதம் மாதவிலக்கு வராமல் இருந்து, வந்தபோது மூன்று வாரம் நிற்கவில்லை. வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு தனியார் கிளினிக்கில் பேப் ஸ்மியர் எடுத்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஒரு வரி அறிக்கையை நம்பி ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டேன். பேப் ஸ்மியர் கருப்பை வாயைப் பார்ப்பது. கருப்பைக்குள் இருக்கும் உட்படலத்தை அது பார்ப்பதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு அரசாங்க மருத்துவமனையில் மெல்லிய குழாயை உள்ளே விட்டு உட்படலத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்தார்கள். வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டேன். முடிவில், உட்படலம் மிகையாக வளர்ந்திருக்கிறது, ஆனால் செல்களில் இயல்பு மாற்றம் இல்லை என்று வந்தது. செல் மாற்றம் இல்லாத வகை 20 ஆண்டுகளில் புற்றுநோயாவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்றும், செல் மாற்றம் உள்ள வகையில் அது நூற்றுக்கு 28 பேரை எட்டும் என்றும் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

கருப்பைக்குள் மெதுவாக ஹார்மோனைக் கசியவிடும் மிரேனா என்ற சாதனத்தைப் பொருத்தினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணுக்கு எடுத்து, தொடர்ந்து இரண்டு முறை சீராக வந்த பிறகே என்னை விட்டார்கள். ஆரம்ப மாதங்களில் விட்டுவிட்டு இரத்தம் கசிந்து எரிச்சலூட்டியது, பிறகு அடங்கிவிட்டது.

நிலவன், சுங்கை பீசி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்குத் தைராய்டு குறைவு. ஆறு ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். ஹார்மோன் கோளாறு என்று கேள்வியில் கண்டதும் பயந்துவிட்டோம். அவருக்கும் இந்த ஆபத்து உண்டா?

மருந்தாளர், ஜார்ஜ் டவுன்

ஹார்மோன் கோளாறு என்பது ஒரே நோய் அன்று, நிலவன் அண்ணா. ஒவ்வொரு சுரப்பிக்கும் கணக்கு வேறு. உங்கள் மனைவி சாப்பிடுவது உடலில் குறைந்ததை ஈடுகட்டும் ஹார்மோன். அளவு சரியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் பார்த்தால் போதும். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, குரல் கரகரத்து வாரக்கணக்கில் சரியாகாவிட்டாலோ காட்டுங்கள்; தைராய்டுக் கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இந்தப் பேச்சில் நான் உண்மையில் கவலைப்படுவது நீரிழிவைப் பற்றித்தான். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை உட்படலம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. நம் வீடுகளில் அதைச் சர்க்கரை என்று சொல்லிச் சாதாரணமாக்கிவிட்டோம்.

வெண்மணல், பட்டர்வொர்த்

எல்லாருக்கும் நன்றி. தாதி அம்மா கேட்டதை நேற்று இரவு அம்மாவிடம் விசாரித்தேன். பெரியம்மாவுக்கு நோய் கண்டது 55 வயதில். என் தாய்மாமா ஒருவர் குடல் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு 46 வயதாம். நான் சிறுமியாக இருந்ததால், வயிற்றுக் கோளாறு என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பாட்டியைப் பற்றி யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இதில் ஏதேனும் பொருள் உண்டா?

ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

உண்டு மகளே. நான் கேட்டதன் காரணமும் இதுதான். கருப்பை உட்படலப் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் ஒரே குடும்பத்தில், அதிலும் 50 வயதுக்கு முன்பே ஒருவருக்கு வந்திருந்தால், லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறாக இருக்குமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். செல் பிரியும்போது மரபணுவில் ஏற்படும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதாகியிருப்பதே இதன் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்தப் பழுது உள்ள பெண்களில், சில வகைகளில், நூற்றுக்கு 40 பேர் அல்லது அதற்கு மேலும் வாழ்நாளில் கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். இதற்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் தொடர்பில்லை. இரண்டும் தனித்தனி வழிகள். உன் குடும்பத்தில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரின் நோயும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பெரியம்மாவின் அறுவை அறிக்கையும் திசுச் சோதனை முடிவும் அவர் பிள்ளைகளிடம் இருந்தால், நகல் எடுத்து மருத்துவரிடம் காட்டு. அந்தத் திசுவிலேயே முதற்கட்டச் சோதனையைச் செய்ய முடியும்.

இப்போது நான் உன்னைவிட உன் அம்மாவைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவர் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் உடன்பிறந்தவர் அல்லவா? அவருக்கு மாதவிலக்கு நின்று எத்தனை ஆண்டாகிறது, அதற்குப் பிறகு எப்போதாவது, ஒரு சொட்டானாலும், இரத்தம் பட்டதுண்டா என்று கேட்டுப் பார்.

வெண்மணல், பட்டர்வொர்த்

தாதி அம்மா, கேட்டேன். என் அம்மாவுக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று ஐந்தாண்டுகள் ஆகின்றன. முதலில் ஒன்றுமில்லை என்று சொன்னவர், பாத்திரம் கழுவி முடித்த பின்பு தாமாகவே வந்து உட்கார்ந்து, சீனப் புத்தாண்டுக்குப் பிறகு இரண்டு முறை துணியில் லேசாகக் கறை கண்டதாகவும், உடல் சூடு என்று எண்ணி இளநீர் குடித்துவிட்டு விட்டுவிட்டதாகவும் கூறினார். அக்கா படுக்கையில் இருக்கும்போது தன் கதையை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாராம். நாளை மறுநாள் எனக்கு ஓய்வு நாள். இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போகிறோம். முகப்பில் என்ன சொல்ல வேண்டும்?

ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

நாளைக்கே விடுப்பு எடுக்க முடிந்தால் நாளைக்கே போங்கள். பெரும்பாலும் உட்படலம் மெலிந்து உலர்வதால்கூட அப்படிக் கறை படும், அதனால் அம்மாவைக் கலங்கவிடாதே. ஆனால் பார்க்காமல் விடக்கூடாத அறிகுறி இது. முகப்பில் தயங்காமல், மலாய் மொழியில் 'பெண்டாராஹான் செலெபாஸ் மெனோபாஸ்', அதாவது மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு என்று அந்தச் சொற்களிலேயே சொல். மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதத்தை விரைவாகக் கேட்டு வாங்கு. அம்மாவுக்கு ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் என்ற அளவையே பார்ப்பார்கள், உனக்குச் சொன்ன 7 அவருக்குப் பொருந்தாது. குடும்பத்தில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்பதை ஒரு தாளில் எழுதி, இருவர் அட்டையிலும் ஒவ்வொரு நகல் சேர்க்கச் சொல். உன் கடைசி நான்கு மாதவிலக்குத் தேதிகளையும் எழுதிக்கொள்; அங்கே போய் நின்றால் எல்லாருக்கும் மறந்துவிடும்.